படச் சட்டத்துக்குள் கையும் துணியும்

துணி வாங்க வருபவர் முன்னாளில் அதைத் தொட்டுப் பார்த்தே வாங்கினார். முந்தானையை விரித்து, ஓரத்தை விரல்களுக்கிடையே உருட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இழையின் நெருக்கத்தைக் கண்ட பின்னரே விலை பேசினார். மஞ்சள் வியாபாரியும் அப்படியே; கிழங்கை ஒடித்து உள்நிறம் பார்த்தார், முகர்ந்தார். இன்று நம் சங்கங்களின் சரக்கை வாங்குவோரில் பலர் சங்கத்தின் படியை மிதித்தவரே அல்லர். எங்கோ ஒரு நகரில் அமர்ந்து, உள்ளங்கையளவுள்ள கண்ணாடியில் அரை நிமிஷம் ஓடும் வீடியோப் படத்தைக் கண்டு, வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கின்றனர். விரல் செய்து வந்த வேலையைக் காமிரா செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது.

நம் அங்கத்தினர்களும் சளைக்கவில்லை. கைபேசியை எடுத்துத் தறியையும் தோட்டத்தையும் படம்பிடித்து அனுப்பிய வண்ணம் இருக்கின்றனர். அப்படங்களில் பலவற்றில் நாம் காண்பது யாது? காமிரா வாயிற்படியிலிருந்து புறப்பட்டு, சுவரிலுள்ள காலண்டரைத் தடவி, நெசவாளரின் உச்சந்தலையைத் தாண்டி, அடுக்கிய சேலைகளின் மீது ஓடி, மின்விசிறியில் ஒரு கணம் தங்கி, மீண்டும் வாயிலுக்கே திரும்பிவிடுகிறது. வீட்டில் உள்ளவை யாவும் படத்தில் வந்துவிட்டன. பார்த்தவர் மனத்தில் சேலையின் கரை என்ன நிறம் என்பதுகூட நிற்கவில்லை. இதற்குக் கருவி காரணமன்று. இப்பொழுது சாதாரணமாகக் கிடைக்கும் கைபேசிக் காமிராவே இந்த வேலைக்குப் போதும். எடுப்பவர் நிற்குமிடமும், எதைச் சட்டத்துக்குள் வைப்பது எதை வெளியே விடுவது என்று முன்கூட்டித் தீர்மானிக்காமையுமே காரணம்.

இஃது அழகைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. விசைத்தறியில் ஓட்டிய துணி கைத்தறி என்னும் பெயரில் விற்கப்படுவது நமக்குப் பழைய துன்பம். சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிப் பார்லிமெண்டு 1985-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. வாங்குவோர் இனம் கண்டுகொள்ளும் பொருட்டு 2006-இல் கைத்தறி முத்திரை ஏற்பட்டது. ஆயினும் படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு முத்திரையைவிடக் கண்முன் ஓடும் காட்சியே பெரிய சாட்சி. போலிச் சரக்குக்காரரும் இதை அறிவார். அவரும் படம் எடுக்கிறார். நாம் எடுக்கும் படம் சாட்சியாக நிற்க வேண்டுமானால் அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுவது.

இதைக் கற்கப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. அகமதாபாத்தில் 1972-இல் தோன்றிய ‘ஸேவா’ என்னும் சுயதொழில் மாதர் சங்கம், 1984-ஆம் ஆண்டில் தன் அங்கத்தினர்களுக்கு வீடியோப் படமெடுக்கப் பயிற்சி அளித்தது. பயின்றவர்களுள் காய்கறி விற்கும் பெண்கள் இருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தனர். ‘வீடியோ ஸேவா’ என்று பெயர் பெற்ற அக்குழுவினர் தங்கள் தொழிலையும் குறைகளையும் தாங்களே படமாக்கிக் காட்டினர். அன்றைய காமிரா தோளை அழுத்தும் பாரம். நாடாப் பெட்டியும் விளக்கும் வேறு. சட்டைப் பையில் அடங்கும் கருவியை வைத்திருக்கும் நாம் தயங்க வேண்டுவதில்லை.

முதலில் ஒரு சொல். காமிராவை ஓடவிட்டது முதல் நிறுத்தும் வரை பதிவாகும் இடையறாத துண்டைச் சினிமாத் தொழிலில் ‘ஷாட்’ என்பர். அந்த ஷாட்டின் நாற்புற எல்லையே படச் சட்டம். சட்டத்தறியில் வேலை செய்பவருக்குச் சட்டத்தின் இயல்பை நாம் எடுத்துரைக்க வேண்டுமா? தறியின் அகலத்துக்கு மேல் துணி நெய்ய முடியாது. படச் சட்டத்துக்கு வெளியே உள்ளதும் பார்ப்பவரைப் பொறுத்தவரை இல்லாததே.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடலும் கரையும் வேறுவேறு நிறமாக, ஒன்றோடொன்று பின்னி இணையும் நெசவு அது. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவரால் மட்டும் ஆகாது, பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை எறிய இன்னொருவரும் வேண்டும். ஆனால் நாம் பார்த்த கோர்வைப் படங்கள் பெரும்பாலானவற்றில் நெசவாளர் ஒருவரே நடுநாயகமாகக் காட்சியளிக்கிறார். உடன் உழைப்பவரின் கை மட்டும் சட்டத்தின் ஓரத்திலிருந்து நீண்டு மறைகிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. படமெடுத்தவர் இரண்டடி பின்வாங்கியிருந்தால் இருவரும் உள்ளே வந்திருப்பர். அந்தச் சேலைக்கு ஏன் அவ்வளவு விலை என்னும் கேள்விக்கு, இருவர் மெய்வருந்தும் காட்சியே விடையாகியிருக்கும். உழைத்தவரில் ஒருவரைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு, வாங்குபவர் விலையை எண்ணி மலைக்கிறார் என்று நாம் வருந்திப் பயன் என்ன?

இனி, தூரம். பொருளுக்கும் காமிராவுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து ஷாட்டை மூவகையாகச் சொல்வர். இடம் முழுவதும் தெரிவது தூரக்காட்சி. ஆள் இடுப்பு வரை தெரிவது நடுக்காட்சி. முகமோ விரலோ இழையோ சட்டத்தை நிரப்புவது அண்மைக்காட்சி. ‘லாங் ஷாட்’, ‘மிட் ஷாட்’, ‘குளோசப்’ என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்வன இவையே. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை. எங்கே நடக்கிறது என்று தூரக்காட்சி சொல்லும். யார், என்ன செய்கிறார் என்று நடுக்காட்சி சொல்லும். எப்படிச் செய்கிறார் என்பதற்கு அண்மைக்காட்சி வேண்டும். மூன்றையும் ஒரே ஓட்டத்தில் காட்டிவிடலாம் என்று காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பதுதான் மேலே சொன்ன மின்விசிறிப் படங்களுக்குக் காரணம். நின்று எடுத்து, நிறுத்தி, இடம் மாறி, மறுபடி எடுக்க வேண்டும்.

அசையாத காமிரா ஒன்றே மூன்று தூரங்களையும் காட்டிவிடும் வழியும் உண்டு. அதற்குச் சினிமாவின் பிள்ளைப் பருவத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்து லூமியேர் சகோதரர்கள் 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் நகரில் கட்டணம் வாங்கிச் சலனப்படம் காட்டினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் மக்களுக்குக் காட்டிய படம் ஒன்று, லா சியோட்டா என்னும் ஊரின் நிலையத்துக்கு ரயில் வந்து நிற்பதைப் பற்றியது. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். காமிரா அணுவளவும் அசையவில்லை. ஆனால் அதை வைத்த இடத்தைப் பாருங்கள். ரயிலுக்கு எதிரிலும் வைக்கவில்லை, பக்கவாட்டிலும் வைக்கவில்லை. மேடையின் மீது, தண்டவாளத்தை ஒட்டினாற்போல் வைத்தனர். ஆகவே தண்டவாளம் சட்டத்தின் உள்ளாழத்திலிருந்து முன்மூலையை நோக்கிச் சாய்வாக ஓடுகிறது. தூரத்தில் புள்ளியாகத் தோன்றும் எஞ்சின் வளர்ந்து வளர்ந்து சட்டத்தை அடைத்துக் கடந்து போகிறது. பின்னர் இறங்கும் பிரயாணிகள் காமிராவின் அருகே நடந்து செல்கின்றனர். தூரமும் நடுவும் அண்மையும் ஒரே ஷாட்டில் வந்துவிட்டன. பக்கவாட்டில் நின்று எடுத்திருந்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் பெட்டிகளையே கண்டிருப்போம்.

தறிக்கூடத்தில் நமக்கும் ஒரு தண்டவாளம் உண்டு, அது பாவு. நெசவாளரின் முன்னே நீண்டு செல்லும் அந்த நூல் வரிசையின் மறுமுனையருகே, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று எடுத்தால், நூற்றுக்கணக்கான இழைகள் பார்ப்பவரின் கண்ணைத் தாமே பிடித்திழுத்துக்கொண்டுபோய் நெசவாளரின் கையில் சேர்த்துவிடும். வாழைத் தோட்டத்தில் வரிசைகளின் இடைவெளியும், நாற்றங்காலில் பாத்தியின் வரப்பும் இவ்வாறே பயன்படும். நேர் எதிரே நின்று எடுத்த படம் சுவரில் மாட்டிய பாய்போல் தட்டையாக இருப்பதன் காரணமும் இதிலிருந்து விளங்கும்.

தூரத்தை அடுத்தது உயரம். நம்மவர் மிகுதியாகத் தவறவிடுவது இதைத்தான். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். படமெடுப்பவரோ நின்றபடி கைபேசியைத் தம் மார்பு உயரத்தில் பிடிக்கிறார். விளைவு, தலைமுடியும் தோளும். முகம் இல்லை, முகம் இன்மையால் மனிதரும் இல்லை. மேலேயிருந்து குனிந்து நோக்கும் காமிரா எவரையும் சிறியவராகக் காட்டும் என்பது திரைப்படத் தொழிலில் அனைவரும் அறிந்த செய்தி. நமது தொழிலாளரை நாமே அப்படிக் காட்டலாமா?

ஜப்பானிய டைரக்டர் யசுஜிரோ ஓசு என்பவர் இதற்கு நல்ல வழிகாட்டி. அவருடைய நாட்டிலும் வீட்டினுள் மக்கள் தரையில் பாய்மீது அமர்கின்றனர். ஆகையால் அவர் தம் காமிராவைத் தரைக்குச் சற்றே மேலே, உட்கார்ந்திருப்பவரின் உலகத்துக்கு ஏற்ற உயரத்தில் வைத்தார். 1953-இல் வெளிவந்த அவரது ‘டோக்கியோ கதை’யில், முதிய தம்பதியர் பாயில் அமர்ந்து பேசும்போது அவர்களுக்கு எதிரே நாமும் அமர்ந்திருப்பதாகவே தோன்றும். குழித்தறிக்கு முன் நாம் செய்ய வேண்டியதும் அவ்வளவே: தரையில் அமர்க. நெசவாளரின் கண் மட்டத்துக்குக் காமிராவை இறக்குக. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கண் மட்டத்தில் வைத்த காமிரா ஆளை நன்றாகக் காட்டும். துணியின் பரப்பை ஒரு கோடாகச் சுருக்கிவிடும். துணியைக் காட்ட வேண்டிய ஷாட்டில் காமிரா துணிக்கு மேலே உயரத்தான் வேண்டும். எதைக் காட்டுகிறோம் என்பதை முடிவு செய்யாமல் உயரத்தை முடிவு செய்ய இயலாது.

சட்டத்துக்குள் பொருளை எங்கே நிறுத்துவது? 1797-ஆம் ஆண்டில் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கில ஓவியர், நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றி எழுதிய நூலில், படத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு, இரு பங்கு என்று பிரிப்பதே கண்ணுக்கு இதம் என்று கூறி அதற்கு விதி என்றே பெயரிட்டார். இன்றும் கைபேசித் திரையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடுகள் வரச் செய்யும் வசதி உண்டு. அவ்விதியின் வழிவந்தவையே அக்கோடுகள். வயலைக் காட்டுகையில் அடிவானத்தை நடுவில் நிறுத்தாமல், வயல் முக்கியமாயின் மேற்கோட்டிலும், மேகம் முக்கியமாயின் கீழ்க்கோட்டிலும் வைப்பர். ஆள் ஒரு பக்கம் பார்த்துப் பேசினால் அவர் பார்க்கும் பக்கத்தில் அதிக இடம் விடுவர். இல்லையேல் சட்டத்தில் முட்டிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். தலைக்கு மேலே கொஞ்சம் இடைவெளி போதும். இவ்விதி ஒரு கைத்தடி போன்றது. நடக்கப் பழகியவர் அதை எப்பொழுதும் ஊன்ற வேண்டியதில்லை. முந்தானையின் நடுப்பூவைக் காட்ட நடுவே நிறுத்துவதுதான் முறை.

கைபேசியை நிமிர்த்திப் பிடிப்பதா, படுக்கவைத்துப் பிடிப்பதா என்று பலர் கேட்கின்றனர். கொடியில் தொங்கும் சேலைக்கு நிமிர்ந்த சட்டம் பொருந்தும். தறிக்குப் படுத்த சட்டம் பொருந்தும். வாங்குவோர் எதில் பார்ப்பர் என்பதையும் எண்ண வேண்டும். கைபேசியிலேயே பார்ப்போருக்கு நிமிர்ந்த படம், சங்கக் கூட்டத்தில் பெரிய திரையில் காட்டுவதற்குப் படுத்த படம். ஓடும்போது நடுவில் திருப்புவது மட்டும் கூடாது.

பயிர் செய்வோருக்கு ஒரு செய்தி. வாழைத்தாரையோ மாங்கனியையோ சட்டம் நிரம்ப எடுத்து அனுப்பினால் அதன் அளவு எவருக்கும் விளங்காது. பக்கத்தில் கை ஒன்று இருக்கட்டும். சாண் கணக்கு எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒரு சூழ்ச்சியும் உண்டு. அகலக்கண் வில்லையில் அருகிலுள்ள பொருள் இயல்பைவிடப் பெரிதாகவும், பின்னே உள்ளது சிறிதாகவும் தெரியும். கையை நீட்டிக் கனியைக் காமிராவின் முகத்தருகே பிடித்தால் எலுமிச்சை சாத்துக்குடி ஆகிவிடும். இதைச் சாமர்த்தியம் என்று கருதுவோர் உளர். கூடையை அவிழ்க்கும் நாள் ஒன்று வரும் என்பதை அவர்கள் மறக்கின்றனர். அன்று சரக்கு திரும்பி வரும், வண்டிச்சத்தம் சங்கத்தின் கணக்கில் ஏறும். கனியும் கையும் ஒரே தூரத்தில் இருக்க, காமிரா நாலைந்தடி தள்ளி நிற்பதே நேர்மையான அளவைக் காட்டும்.

நிறமும் அப்படியே. நீலத் தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் கொட்டிய மஞ்சளைப் படமெடுத்தால், பாயின் வழியே இறங்கும் நீல வெளிச்சத்தில் கிழங்கு பச்சை பாரிக்கும். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சமும் மறுபக்கம் மின்விளக்கின் வெளிச்சமும் விழும் அறையில் அரக்குச் சேலை இருவேறு சிவப்பாகத் தெரியும். ஒரே வகை வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். திறந்த நிழல் மிக நன்று. சட்டத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை வேட்டித் துணியை வைத்து, அது வெள்ளையாகவே தெரிகிறதா என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்க. வேட்டி நீலமாகத் தெரிந்தால் மஞ்சளின் நிறத்தையும் நம்ப வேண்டாம்.

இப்பொழுது நம் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ரஷ்ய நாட்டு டைரக்டர் லெவ் குலெஷோவ் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டு, அதனருகே ஒரு முறை சூப்புக் கிண்ணத்தையும், ஒரு முறை சவப்பெட்டியையும் ஒட்டவைத்துக் காட்டினார். முகம் ஒன்றே. ஆயினும் கிண்ணத்தைக் கண்டபின் அம்முகத்தில் பசியும், பெட்டியைக் கண்டபின் துக்கமும் தெரிவதாகப் பார்த்தவர்கள் எண்ணினர். இரண்டு ஷாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால், அவற்றிடையே இல்லாத உறவைப் பார்ப்பவர் மனம் தானே முடிந்துவிடுகிறது. கதைப்படத்துக்கு இது பெரும் வரம்.

கைத்தறிக்கு இதுவே பெருங்கேடு. ஒரு ஷாட்டில் நரைத்த முதியவர் தறியில் அமர்ந்து நாடா எறிகிறார். அடுத்த ஷாட்டில் பளபளவென்று ஒரு சேலை விரிகிறது. அந்தச் சேலையை அந்த முதியவர் நெய்தார் என்று யாரும் சொல்லவில்லை. பார்ப்பவர் தாமே அப்படி நினைத்துக்கொள்கிறார். போலிச் சரக்கை விற்பவருக்கு வேண்டியது இதற்கு மேல் ஒன்றுமில்லை. தறிப்படம் ஒன்றை எங்கிருந்தேனும் பெற்று, விசைத்தறிச் சேலையின் படத்தை அதன் வாலில் ஒட்டிவிடுவார். வேதனை யாதெனில், நம் சங்கங்கள் எடுக்கும் உண்மையான படங்களும் இதே அச்சில் அமைந்திருப்பதுதான். முதலில் தறி, பிறகு வெட்டு, பிறகு சேலை. மெய்யும் பொய்யும் ஒரே உடையில் வந்தால் வாங்குபவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்?

இதற்கு மாற்று, கையையும் துணியையும் ஒரே சட்டத்துக்குள், வெட்டில்லாமல் காட்டுவது. தறியில் நெய்த துணி முடிந்து நெய்யாத பாவு தொடங்கும் விளிம்பு ஒன்று உண்டல்லவா? அந்த விளிம்பும், நெசவாளரின் கைகளும், முகமும் சேர்ந்து தெரியும்படி நடுக்காட்சி ஒன்று அமைக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து, நெசவாளரின் தோளுக்குச் சற்று மேலே காமிராவை நிறுத்தினால் மூன்றும் அடங்கும். நாடா ஓடுகிறது, பலகை வந்து அடிக்கிறது, விளிம்பு ஓர் இழை நகர்கிறது. பத்து அடிகளுக்குக் காமிரா அசையாமல் இருக்கட்டும். அப்பத்து அடிகளில் துணி வளர்ந்ததைப் பார்ப்பவர் தம் கண்ணால் காண்கிறார். இழுப்புத் தறியாயின் நாடா ஒரு மின்னலாகத்தான் தெரியும். கயிற்றை இழுக்கும் கை தெரிந்தால் போதும்.

அதன்பின் சேலையைக் காட்டுவதற்கும் வெட்டு வேண்டாத வழி இருக்கிறது. தறியிலிருந்து துணியை அறுக்கும் நாளில் காமிராவை முன்கூட்டியே நிறுத்திவைத்து, கத்தரி படுவது, சுருளை அவிழ்ப்பது, நெசவாளரே கரையைப் பிடித்து விரிப்பது ஆகிய அனைத்தையும் ஒரே ஷாட்டாக எடுக்கலாம். ஒரு நிமிஷம் ஆகும். ஒரு நிமிஷப் படத்தை யார் பார்ப்பார் என்பர் சிலர். சேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க முனைபவர் பார்ப்பார் என்பது நம் எண்ணம்.

அண்மைக்காட்சி வேண்டாமோ எனின், வேண்டும். ஆனால் அது நடுக்காட்சியில் தெரிந்த அதே பூவை, அதே கரையைக் காட்ட வேண்டும். கோர்வையில் இரு நிறங்கள் பல்பல்லாகப் பின்னும் இடத்தை நெருங்கிக் காட்டுக. சேலையின் உள்புறத்தையும் திருப்பிக் காட்டுக. கடையில் துணி அறிந்தவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தானே.

நெருங்கிச் செல்கையில் நெசவாளருக்கு ஒரு விந்தை எதிர்ப்படும். சிறுகட்டத் துணியிலும் நுண்கோட்டுத் துணியிலும் இல்லாத அலைகளும் வானவில் நிறங்களும் திரையில் நெளியும். துணியில் குற்றமில்லை. இரண்டு அச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பற்களுக்கிடையே அலை தோன்றும். காமிராவின் உள்ளே ஒளியை வாங்கும் நுண்கட்டங்களும் ஓர் அச்சுதான். அதுவும் நம் இழை வரிசையும் மோதும்போது எழுவதே அந்த அலை. ஒரு சாண் முன்னே வந்தாலும் பின்னே போனாலும், அல்லது கோணத்தைச் சிறிது மாற்றினாலும் மறைந்துவிடும். குழல் விளக்கின் கீழ் எடுக்கும் படத்தில் கருங்கோடுகள் ஓடுவது வேறு காரணத்தால். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கைபேசியில் ஒளி வாங்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்று நிறுத்த வசதியிருந்தால் கோடுகள் நீங்கும். இல்லையேல் விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் எடுக்கலாம்.

பகல் வெளிச்சம் நம் தறிவீடுகளில் அரிது என்பதை அறிவோம். இதில் ஒரு நியாய விசாரமும் எழுகிறது: படத்துக்காக எவ்வளவு மாற்றலாம்? ராபர்ட் பிளாஹர்ட்டி 1922-இல் வெளியிட்ட ‘நானூக்’ என்னும் படம் வட துருவத்தை ஒட்டிய குளிர்ப் பிரதேசத்து இனூயிட் மக்களைப் பற்றியது. பனிக்கட்டி வீட்டினுள் வெளிச்சம் போதாமையால், ஒரு பக்கச் சுவர் இல்லாத பாதி வீட்டைக் கட்டச் செய்து அதனுள் படமெடுத்தார். அதே படத்தில், துப்பாக்கியால் வேட்டையாடப் பழகிவிட்ட மக்களைப் பழங்கால ஈட்டியோடு வேட்டையாடும்படியும் செய்தார். முன்னதை நாம் ஒப்புக்கொள்வோம்; பின்னதை ஒப்ப மாட்டோம். ஓட்டை நீக்கி வெளிச்சம் விடுவதும், காலண்டரைக் கழற்றுவதும், கொடியிலுள்ள துணியை ஒதுக்குவதும் பாதிச் சுவரை நீக்குவது போன்றவை. ஓடாத தறியில் ஒருவரை உட்காரவைத்து நெய்வதுபோல் கையசைக்கச் சொல்வது, ஈட்டியைக் கொடுப்பது.

படமெடுக்கும் நாளில் கவனிக்க வேண்டிய சில்லறைச் செய்திகள் இனி. தறியின் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டால் எல்லா ஷாட்டுகளையும் அப்பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். மறுபக்கம் தாண்டினால், இடமிருந்து வலம் ஓடிய நாடா வலமிருந்து இடம் ஓடும். கோர்வையில் துணையாள் பக்கம் மாறி உட்கார்ந்ததுபோல் தோன்றிப் பார்ப்பவர் குழம்புவார். கைபேசியைக் கையால் பிடிப்பதைவிட ஒரு மூங்கிற் கழியிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டுவது மேல். துணி சுருளும் மரம் சட்டத்தின் கீழ்விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்தால் படம் சாயாது. ஒவ்வொரு ஷாட்டையும் மனத்துக்குள் பத்து எண்ணும் வரை ஓட விடுக. விரலால் திரையைப் பெருக்கி அருகே இழுக்க வேண்டாம், கால்களால் அருகே செல்க. தறியின் ஓசையையும் விட்டுவிடாதீர்கள். அதன்மேல் சினிமாப் பாட்டை ஏற்றி அனுப்பும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. பலகை அடிக்கும் ஓசையும் விளிம்பின் நகர்வும் பொருந்தி வருவது வெறுங்காட்சியைவிடப் பெரிய சாட்சியம். சங்கத்தின் பெயரும் கைத்தறி முத்திரையும் உள்ள சீட்டைத் தனியே காட்டாமல், விரித்த சேலையின் ஓரத்தில் நெசவாளரின் கையே பிடித்துக் காட்டட்டும்.

எடுத்த படத்தை வெளியே அனுப்புமுன் தறியில் இருந்தவருக்கும் துணையாளுக்கும் காட்ட வேண்டும். கரையின் கடைசி வரிசை சட்டத்துக்கு வெளியே போய்விட்டது, பூவின் தலை கீழே இருக்கிறது, அறுந்த இழையை முடிந்த நேரத்தில் எடுத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த ஷாட்டை மறுநாள் பகல் வெளிச்சத்தில் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். பாவு தறியில் இருக்கும் வரை அதற்கு நேரம் உண்டு.